கருப்பு பைன் விதையில் இருந்து போன்சாய்: கொருக்குப்பேட்டை மொட்டை மாடியில் நடக்குமா?

கொருக்குப்பேட்டை_மாடி | 22 அக்டோபர் 2023

எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைன்ல ஒரு போன்சாய் (தொட்டியில குட்டையா வளர்க்கிற மரம்) கிட் வாங்கினேன், 349 ரூபா. உள்ள ஒரு சின்ன தொட்டி, அமுக்கின தேங்காய் நார்க் கட்டி, ஜப்பான் கருப்பு பைன்னு எழுதின கவர்ல 20 விதை. கூட வந்த தாள்ல "விதைத்து நீர் ஊற்றவும், 15 நாளில் முளைக்கும்", அவ்வளவுதான்.

ஆறு விதைய அப்படியே போட்டேன். இன்னைக்கு 31ஆம் நாள். மூணை எறும்பு தூக்கிட்டுப் போனதைக் கண்ணால பார்த்தேன். மத்த மூணைத் தோண்டி நசுக்கினா உள்ள சாம்பல் மாதிரி உதிருது. இன்னும் 14 இருக்கு.

மொட்டை மாடி, காலையில இருந்து நாலு மணி வரைக்கும் வெயில். போர் தண்ணி, வாயில வெச்சா உப்பு கரிக்கும். இங்க பைன் வருமா வராதா? "அரசமரம் வைங்க, ஈசியா வரும்"னு மட்டும் சொல்லாதீங்க. அரசமரம் எங்க வீட்டு சுவத்துல தானாவே வருது.

சும்மா_வந்தேன் | 22 அக்டோபர் 2023

349 ரூபாய்க்கு ரெண்டு பிரியாணி வந்திருக்கும்.

பெரம்பூர்_தாத்தா | 22 அக்டோபர் 2023

தம்பி, சுவத்து அரசமரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். அதுவும் நல்ல சரக்குதான்.

நீங்க செஞ்சதுல ரெண்டு தப்பு. விதைக்குக் குளிர் காட்டாம போட்டீங்க, தேங்காய் நார்ல போட்டீங்க. ஜப்பான்ல இலையுதிர் காலத்துல பைன் கூம்பு விரிஞ்சு விதை விழும். ஈர மண்ணுல ஒரு பனிக்காலம் முழுக்கக் கிடந்துட்டு வசந்தத்துல முளைக்கும். அந்தப் பனிக்காலத்தை உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்தான் குடுக்கணும்.

விதைய 24 மணி நேரம் தண்ணில போடுங்க. முங்கினது நல்லது. மிதக்கிறதை உடனே தூக்கிப் போடாம இன்னொரு நாள் விடுங்க, சிலது லேட்டா முங்கும். அப்புறம் பிழிஞ்சா சொட்டாத ஈரத்துல டிஷ்யூ பேப்பர், அதுல சுத்தி ஜிப் கவர், ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டு. ஃப்ரீசர் கூடாது. 4 டிகிரி போதும். 30ல இருந்து 60 நாள் வரைக்கும் வைக்கலாம். வாரம் ஒருக்கா தொறந்து பூஞ்சை வந்திருக்கான்னு பாருங்க. வீட்டுல அம்மாகிட்ட சொல்லிட்டு வைங்க. என் முதல் தடவை விதை குப்பைக்குப் போயிடுச்சு.

மண்ணு விஷயம்: மண்ணே வேண்டாம். உடைஞ்ச செங்கல்லை ஜல்லியாக்கி சலிச்சு, மாவு மாதிரி தூளைக் கழுவித் தள்ளிட்டு, அரிசி சைஸ் பொடியை எடுங்க. அதோட அதே அளவு கரடு ஆத்து மணல். எம்-சாண்ட் போடாதீங்க, அதுல தூள் ஜாஸ்தி, இறுகிப் போயிடும். எல்லாத்தையும் ஒரு தடவை கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. ஊத்தின தண்ணி அஞ்சு விநாடில கீழ வரணும். நிக்கிற தண்ணில பைன் நாத்து ஒரே ராத்திரில சாயும்.

இப்ப நிஜத்தைச் சொல்லணும். நான் முப்பது வருஷமா ஆல், அத்தி, இச்சி, புளி எல்லாம் தொட்டில வெச்சிருக்கேன். பைன் மூணு தடவை முயற்சி பண்ணியிருக்கேன். விதை முளைக்கிறதுல எனக்குப் பிரச்சினையே வந்ததில்ல. ரெண்டாவது முயற்சில பதினோரு கன்னு, ஒரு வயசு தாண்டினது. 2003 மே 31, சென்னையில 45 டிகிரி பதிவான நாள். நான் டியூட்டி முடிச்சு வந்து பார்க்கும்போது பதினொண்ணும் துருப்பிடிச்ச கம்பி கலர்ல நின்னுது.

காசிமேடு_ஐஸ்பெட்டி | 23 அக்டோபர் 2023

இன்னாபா இது, பெர்சு பயமுறுத்தினு கீறாரு. கேளு நைனா. நம்ம ஹார்பர்ல மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி கீதுல்ல, ஓட்டை உடைசல்னு தூக்கிப் போட்டுருவான். அத்த எட்டுக்கோ. அடில பத்து ஓட்டை போடு. வெளிய எவ்ளோ வெயில் அடிச்சாலும் உள்ள வேரு ஜில்லுனு கீறும். நான் அதுல மல்லி, தக்காளி எல்லாம் வெச்சு எட்த்துக்கீறேன். அப்பால குளிர் வோணும்னா டெய்லி ஐஸ் தூள் ரெண்டு கை மேல போடு. ஐஸ் பேக்டரி பக்கத்துலயே கீது. ஜப்பான் இங்கயே வந்துரும்.

இன்னொண்ணு. அந்த பைனு அந்த ஊரு கடல்கரை மரம்னு சொல்றாங்கோ. அப்ப உப்புக்காத்துலாம் அதுக்கு சொம்மா ஜுஜுபி. நம்ம ஏரியா தான் கரீட்டு.

தண்டையார்பேட்டை_டீச்சர் | 23 அக்டோபர் 2023

தெர்மாகோல் பெட்டி யோசனைக்கு முழு மார்க். வெயில்ல சிமெண்ட் தரையில வெச்ச கருப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள வேர் வெந்தே போகும். வெள்ளைப் பெட்டி, அதையும் ரெண்டு செங்கல் மேல தூக்கி வெச்சா நல்ல வித்தியாசம் தெரியும்.

ஐஸ் வேண்டாம். வேரை மட்டும் ஜில்லாக்கி, தலையில முப்பது டிகிரி வெயில் அடிச்சா இலை தண்ணி கேட்கும், வேரால உறிஞ்சிக் குடுக்க முடியாது. ஈரத்துல நின்னுக்கிட்டே காயும். மரம் உறங்கறது, அதாவது குளிர்காலத்துல வளராம ஓய்வெடுக்கிறது, வேரை வெச்சு மட்டும் இல்ல. பகல் நேரம் குறையுறதும், வாரக்கணக்கா ராத்திரி குளிர்றதும் மொட்டுக்குத் தெரியணும். டோக்கியோல ஜனவரி சராசரி 5 டிகிரியை ஒட்டி இருக்கும். நம்ம ஊர்ல ஜனவரி ராத்திரியே 20ஐ ஒட்டித்தான். சென்னையில இதுவரை பதிவான கடுங்குளிரே 14 டிகிரி வாக்குல, அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தி. பகல்ல செடி சம்பாதிக்கிற சர்க்கரைய புழுக்கமான ராத்திரில மூச்சு விட்டே செலவழிச்சிடும். தாத்தா ஐயாவோட கன்னுங்க அந்த ஒரு நாள்ல சாகலை, அதுக்கு முன்னாடியே கையிருப்பு இல்லாம நின்னிருக்கும்னு நினைக்கிறேன்.

உப்பு விஷயத்துல பாதி சரி, பாதி ஆபத்து. கருப்பு பைன் உப்புக்காத்தைத் தாங்கும், அதனாலதான் ஜப்பான்ல கடலோரக் காத்துத் தடுப்புக்கு அதை நட்டாங்க. ஆனா காத்துல வர்ற உப்பு வேற, வேர்ல நிக்கிற உப்பு வேற. 2011 சுனாமி ரிக்குசென்தகத்தாங்கிற ஊர்ல கடலோரமா இருந்த 70,000 பைன் மரங்களை அடிச்சுட்டுப் போச்சு. ஒரே ஒரு மரம் நின்னுது. ஜனங்க அதை அதிசயமாக் கொண்டாடினாங்க. 2012ல அதுவும் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. உப்புத்தண்ணி நின்னு வேர் அழுகிடுச்சு. அலைக்கே சாயாத மரம் தம்பி. உங்க போர் தண்ணிய ஊத்தாதீங்க. மழைத் தண்ணி பிடிச்சு வைங்க, இல்லைன்னா ஏசியில இருந்து சொட்டுற தண்ணி. ஆர்.ஓ. மெஷின்ல வெளிய தள்ளுற தண்ணி இருக்கே, அதுல உப்பு இன்னும் கெட்டியா இருக்கும், அது கூடவே கூடாது.

காசிமேடு_ஐஸ்பெட்டி | 23 அக்டோபர் 2023

டீச்சர் சொன்னா சரி. ஐஸ் வாபஸ்.

கொருக்குப்பேட்டை_மாடி | 26 அக்டோபர் 2023

14ல ஒன்பது முங்கிச்சு. இன்னொரு நாள் விட்டதுல மேல ரெண்டு. ஆக 11. இன்னைக்கு சாயந்திரம் ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடுச்சு. அம்மாகிட்ட சொல்லியாச்சு. "விதைக்கு ஃப்ரிட்ஜா, நாட்டு நடப்பே சரியில்ல"ன்னு ஒரு வார்த்தை, வேற ஒண்ணும் சொல்லல. டிசம்பர் கடைசில வெளிய எடுக்கிறதா பிளான்.

கொருக்குப்பேட்டை_மாடி | 9 டிசம்பர் 2023

பிளான் போச்சு. மிக்ஜாம் புயல்ல திங்கக்கிழமை கரண்ட் போனது, நேத்து ராத்திரிதான் வந்துது. கீழ் வீட்டுல முழங்கால் தண்ணி, சாமான் எல்லாம் எங்க வீட்டுலதான். ஃப்ரிட்ஜ் ஞாபகமே இல்ல. இன்னைக்கு அம்மா கெட்டுப் போனதெல்லாம் எடுத்து வெளிய போடும்போது ஜிப் கவர் கையில வந்துது. பிரிச்சுப் பார்த்தா அஞ்சு விதை வாய் பிளந்து வெள்ளை முனை தெரியுது! மறுபடி குளிர்ல வைக்கவா, நடவா?

பெரம்பூர்_தாத்தா | 9 டிசம்பர் 2023

எங்க தெருவுலயும் அதே கதைதான். எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?

உடனே நடு. முளை கிளம்பினதைத் திரும்ப ஃப்ரிட்ஜுல வைக்காதே. நாப்பது நாள் குளிர் பார்த்திருக்கு, தாராளம். வெள்ளை முனை கீழ் பார்த்து, விதை உசரம் அளவு ஆழம், மேல மெல்லிசா மணல். மீதி ஆறையும் பக்கத்துலயே போடு. இப்ப கிடைக்கிற மார்கழி, தை ரெண்டு மாசம்தான் உனக்கு இருக்கிற ஜப்பான்.

எறும்புக்கு: பெட்டிய நாலு கிண்ணத் தண்ணி மேல நிக்க வை. அணிலுக்கும் காக்காவுக்கும் பழைய கொசுவலை. முளைச்சு வரும்போது விதைத் தோடு தொப்பி மாதிரி தலையில ஒட்டியிருக்கும். கை அரிக்கும், பிடுங்காதே. விதையிலை சேர்ந்து பிய்ஞ்சு வரும்.

தண்டையார்பேட்டை_டீச்சர் | 10 டிசம்பர் 2023

இப்ப முக்கிய எதிரி நாற்றழுகல். நேத்து நிமிர்ந்து நின்னது இன்னைக்குத் தரை மட்டத்துல கறுத்து, இடுப்பு ஒடிஞ்ச மாதிரி படுத்துடும். வந்ததைக் காப்பாத்த முடியாது, பக்கத்துல இருக்கிறதைத்தான் காப்பாத்தணும். விதைச்ச அன்னைக்கே ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கற நல்ல பூஞ்சை) கலந்த தண்ணி ஒரு தடவை. பூஞ்சைமருந்தையும் அதையும் ஒரே நாள்ல ஊத்தாதீங்க, மருந்து அதையும் சேர்த்துக் கொல்லும். மேல் மணல் காய்ஞ்சதும்தான் அடுத்த தண்ணி, அதுவும் காலையில மட்டும்.

கொருக்குப்பேட்டை_மாடி | 2 ஜனவரி 2024

ஏழு! மொத்தம் ஏழு எழுந்தாச்சு. தண்டு ஊதா கலந்த சிவப்பு, உச்சியில ஆறேழு இலை குடை மாதிரி விரிஞ்சிருக்கு. ஒண்ணு அழுகலுக்குப் போச்சு, டீச்சர் சொன்ன மாதிரியே இடுப்பு ஒடிஞ்சு. ஆறு மீதி.

வீடியோல ஒருத்தர் இந்த வயசுலயே வேரை முழுசா வெட்டிட்டு வெறும் தண்டை நடுறார். நிஜமாவே அப்படிச் செய்வாங்களா?

பெரம்பூர்_தாத்தா | 3 ஜனவரி 2024

செய்வாங்க. ஆணிவேர் நேரா கீழ இறங்கினா பின்னாடி ஆழமில்லாத தொட்டில உட்காராது. அடிமரத்தைச் சுத்தி நாலாபக்கமும் வேர் பரவினாத்தான் மரம் தரையைப் பிடிச்சு நிக்கிற தோற்றம் வரும். அதுக்காக நாத்துப் பருவத்துலயே, நடுவுல புது ஊசி இலை எட்டிப் பார்க்கிற நேரம், ஆறு எட்டு வாரத்துல, புது பிளேடால தண்டை வெட்டி, வேர் ஹார்மோன் பொடி தொட்டு நடுவாங்க. வெட்டின வட்டத்தைச் சுத்தி வேர் வரும். ஒரு மாசம், ஒண்ணரை மாசம் மூடி போட்டு ஈரக்காத்துல வைக்கணும்.

ஆனா ஜப்பான்காரன் அதை நூறு கன்னுல செய்வான், நாப்பது செத்தாலும் அறுபது இருக்கும். உன்கிட்ட இருக்கிறது ஆறு.

காசிமேடு_ஐஸ்பெட்டி | 3 ஜனவரி 2024

வெட்டாத நைனா. பச்ச மண்ணுபா அது.

கொருக்குப்பேட்டை_மாடி | 28 பிப்ரவரி 2024

ஜனவரி கடைசில மூணை வெட்டினேன், மூணை விட்டேன். வெட்டினதுல ரெண்டு பத்து நாள்ல வதங்கிடுச்சு. மூணாவது நேத்து மெதுவா இழுத்துப் பார்த்தேன், பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது. வேர்! வெட்டாத மூணும் கட்டை விரல் உசரம். தினம் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்னு அம்மா திட்டுறாங்க.

பெரம்பூர்_தாத்தா | 28 பிப்ரவரி 2024

அம்மா சொல்றது சரி. இழுத்துப் பார்க்கிற வேலைய இதோட விடு.

வெயில் ஏறுறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன், கோபப்படாதே. பைன் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்துல சவுக்கு போடு. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போனா ரோட்டோரம் கூம்பு கொட்டிக் கிடக்கும். மூடின பச்சைக் கூம்பா நாலு எடுத்து பேப்பர் கவர்ல ரெண்டு மூணு நாள் வை. தானா வெடிச்சு றெக்கை வெச்ச பொடி விதை உதிரும். மணல் மேல தூவு, மூடக்கூட வேண்டாம், ஒரு வாரம் பத்து நாள்ல முளைக்கும். இதையும் எறும்பு விடாது, தண்ணிக் கிண்ணம் அவசியம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஏசி தண்ணி வேண்டாம்.

கொருக்குப்பேட்டை_மாடி | 28 பிப்ரவரி 2024

ஐயா, நான் கேட்டது பைன். சவுக்கு சாரம் கட்டுற கட்டை.

பெரம்பூர்_தாத்தா | 29 பிப்ரவரி 2024

சாரம் கட்டுற கட்டைதான். தைவான்லயும் இந்தோனேஷியாலயும் அதே சாரக்கட்டையைத் தொட்டில வெச்சு, பார்க்கிறவன் பைன்னு நினைக்கிற அளவுக்குக் கொண்டு வந்திருக்கான். ஏன்னா அவன் ஊர்ல அதுதான் சந்தோஷமா வளருது.

தண்டையார்பேட்டை_டீச்சர் | 29 பிப்ரவரி 2024

சண்டைக்கு நடுவுல ஒரு சின்ன பாடம். சவுக்கு பைனுக்குச் சொந்தமே இல்ல, அது பூக்கிற வகை. நாம ஊசின்னு சொல்றது அதோட இலை இல்ல, மெல்லிய கிளை. சின்ன வயசுல பீச்சுல விளையாடியிருப்பீங்களே, கணுவுல கழட்டித் திரும்பச் சொருகிட்டு "எங்க ஒடைச்சேன் சொல்லு"ன்னு. அந்தக் கணுவைச் சுத்தி பல்லு மாதிரி தெரியுதே, அதுதான் நிஜ இலை.

வளர்க்கிறதுல ஒண்ணு மட்டும் ரெண்டுக்கும் பொது. ரெண்டும் வேர்ல கூட்டாளி வெச்சிருக்கும். பைனுக்கு ஒரு பூஞ்சை, வெள்ளை நூல் மாதிரி வேரைச் சுத்தும். சவுக்குக்கு ஃபிராங்கியாங்கிற நுண்ணுயிர், வேர்ல முடிச்சு முடிச்சா இருந்து காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுக் குடுக்கும். சவுக்குக்குப் பெரிய மரத்தடி மண்ணு ஒரு கைப்பிடி போட்டாப் போதும். பைனுக்கு அந்த மண்ணை நம்ம ஊர்ல எங்க போய் எடுப்பீங்க? தென்னிந்தியக் காடுகள்ல இயற்கையா பைனே கிடையாது. கொடைக்கானல், ஊட்டில பார்க்கிறதெல்லாம் வெளியில இருந்து கொண்டு வந்து நட்டது.

சும்மா_வந்தேன் | 1 மார்ச் 2024

அப்ப கொடைக்கானல் கூம்பை எடுத்துட்டு வந்து போட்டா?

குன்னூர்_குளிர் | 1 மார்ச் 2024

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்காக எழுதறேன். மலையில நிறைய இருக்கிறது மெக்சிகோ பைன், பாட்டுலாங்கிற வகை. கூம்பு வருஷக்கணக்கா மூடியே கிடக்கும், சூடு பட்டாத்தான் விரியும். ஊசி நீளமா தொங்கும், சின்ன மரத்துக்கு எடுபடாது. வனத்துறை இடத்துல எதையும் பொறுக்கவும் வேண்டாம். இமயமலை சிர் பைன் விதை குளிர் காட்டாமலே முளைக்கும், வெயிலும் ஓரளவு தாங்கும். ஆனா ஊசி ஒரு அடி வரைக்கும் போகும். உள்ளங்கை அகல மரத்துல ஒரு அடி ஊசிய நினைச்சுப் பாருங்க.

கருப்பு பைன் எங்க வீட்டுல விதை போட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. அடிமரம் இப்பத்தான் ரெண்டு விரல் கனம். தம்பிக்குப் பொறுமை இருக்கான்னு கேட்டுக்கோங்க.

கொருக்குப்பேட்டை_மாடி | 19 மே 2024

பச்சை வலை ரெண்டு மடிப்பு, மீன் பெட்டி, ஏசி தண்ணி, எல்லாம் செஞ்சேன். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச ஒரு வாரத்துல ஒண்ணு, நேத்து ஒண்ணு. நுனியில இருந்து பழுத்து வந்துது. ரெண்டுதான் மீதி, வெட்டி வேர் விட்டது ஒண்ணு, வெட்டாதது ஒண்ணு.

சவுக்கு போட்டேன் ஐயா. சொல்லாம போட்டேன். முப்பது கன்னு நிக்குது, ஜாண் உசரம்.

பெரம்பூர்_தாத்தா | 19 மே 2024

தெரியும்.

குன்னூர்_குளிர் | 20 மே 2024

தம்பி, ஒரு யோசனை. ஒண்ணை எனக்கு அனுப்புங்க. இங்க 1,800 மீட்டர் உசரம், ராத்திரி எப்பவும் இதம். உங்க பேரு எழுதி வெச்சுக்கறேன். இன்னொண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரே கவர் விதை, ரெண்டு ஊரு. வேரைக் கழுவாம மண்ணோட சுத்தி அனுப்புங்க.

காசிமேடு_ஐஸ்பெட்டி | 20 மே 2024

பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாரி கீதுபா. பெட்டி நான் தரேன், புச்சு பெட்டி, மீன் நாத்தம் இல்லாதது.

கொருக்குப்பேட்டை_மாடி | 16 நவம்பர் 2025

இழையைத் தூசி தட்டறேன். ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு.

குன்னூர்ல இருக்கிறது வெட்டாதது. அவர் போட்டோ அனுப்பினார். எட்டு அங்குலம், குட்டை, ஆனா அடி பென்சில் கனம், ஊசி ரெண்டு ரெண்டா சேர்ந்து கரும்பச்சை. மொட்டு வெள்ளையா மூடி உட்கார்ந்திருக்கு.

என்கிட்ட இருக்கிறது, வெட்டி வேர் விட்டது, ஒண்ணேகால் அடி. வருஷம் முழுக்க குருத்து விட்டுக்கிட்டே இருக்கு, நிறுத்தவே இல்ல. ஊசி நீளம், கலர் வெளுப்பு, அடி அதுல பாதி கனம்தான். உயிரோட இருக்கு, ஆனா தூக்கம் கெட்டவன் மூஞ்சி மாதிரி இருக்கு.

சவுக்குல அஞ்சை காய்கறி வடிகட்டுற பிளாஸ்டிக் கூடையில வெச்சிருக்கேன். அடி கட்டை விரல் கனம். மோட்டார் காயில் கட்டுற கடையில பழைய செம்புக் கம்பி வாங்கி ரெண்டுக்கு வளைவு போட்டேன். தினம் ரெண்டு வேளை தண்ணி குடிக்குது. அதுல ஒண்ணை எண்ணூர் கடலோரத்துல காத்துக்குச் சாஞ்ச மரம் மாதிரி கொண்டு வரலாம்னு ஆசை. கீழ ஒரு கிளை மட்டும் முரட்டுத்தனமா போகுது, வெட்டிடவா?

பெரம்பூர்_தாத்தா | 16 நவம்பர் 2025

வெட்டாதே. அந்தக் கிளைதான் அடிமரத்தைப் பருக்க வைக்குது. ஓடுற வரைக்கும் ஓட விடு, அடி ரெண்டு விரல் ஆனப்புறம் எடுத்துக்கலாம். கம்பி பட்டையில பதியுதான்னு வாராவாரம் பாரு. சவுக்கு வேகமாப் பெருக்கும், மூணு மாசம்னு நினைச்சு விட்டுட்டா தழும்பு நிக்கும்.

பைனுக்கு இந்த டிசம்பர்ல உரம் எதுவும் போடாதே. முடிஞ்சா மாடியில வடக்குப் பக்கம் காத்து வர்ற இடத்துக்கு மாத்து. கொஞ்சமாவது கண்ணை மூடட்டும்.

காசிமேடு_ஐஸ்பெட்டி | 17 நவம்பர் 2025

அந்த சவுக்கு முப்பதுல அஞ்சு போக மீதி இன்னா ஆச்சு நைனா? ரெண்டு இங்க தள்ளு. பெட்டி ரெடியா கீது.